பந்தயத் தடத்தில் கருவி, நகரச் சாலையில் குற்றம்: மாற்று சைலன்சர்கள் குறித்துச் சட்டமும் தொழில்நுட்பமும் கூறுவது என்ன?

கொல்கத்தா: மோட்டார் சைக்கிளுடன் உற்பத்தி நிறுவனம் பொருத்தித் தந்த சைலன்சரை அகற்றிவிட்டு, அதிக ஒலி எழுப்பும் வேறொரு சைலன்சரைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் நாட்டின் பெருநகரங்களில் தொடர்ந்து காவல்துறை நடவடிக்கைக்கு உள்ளாகி வருகிறது. பறிமுதல் செய்யப்பட்ட சைலன்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் நடவடிக்கையும் பல நகரங்களில் மேற்கொள்ளப்பட்டுள்ளது.

அதேவேளையில், இத்தகைய சைலன்சர்கள் மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் போன்ற மண்தடப் பந்தயங்களில் அளந்து சோதித்து அனுமதிக்கப்படும் கருவிகளாகவும் உள்ளன. ஒரே பொருள் ஓரிடத்தில் விளையாட்டுக் கருவியாகவும் மற்றோரிடத்தில் தண்டனைக்குரிய மாற்றமாகவும் கருதப்படுவது ஏன், சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது, கொல்கத்தா போன்ற நகரில் வாழும் பந்தய ஆர்வலருக்கு உள்ள வழி என்ன என்பன குறித்த விவரங்கள் வருமாறு:

சைலன்சரின் பணி

எஞ்சினில் எரிந்த வாயு, வெளியேற்று வால்வு திறந்தவுடன் உயர் அழுத்தத்துடன் குழாய்க்குள் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஓர் அழுத்த அலையை உருவாக்குகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள் சுழலும் ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் விநாடிக்கு 50 முறை இது நிகழ்கிறது. இந்த அலைகளே காதில் ஒலியாக விழுகின்றன.

அலைகளின் வலுவைக் குறைப்பதற்கு இரண்டு முறைகள் கையாளப்படுகின்றன. முதலாவது முறையில், சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகளும் அறைகளும் அமைக்கப்பட்டு, அலைகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தணியுமாறு செய்யப்படுகிறது. சாலை வாகனங்களில் பெரும்பாலும் இம்முறையே பயன்படுகிறது. இரண்டாவது முறையில், துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை போன்ற பொருள் திணிக்கப்பட்டு, அது ஒலியை உறிஞ்சுகிறது. வாயு தடையின்றி வெளியேறுவதாலும் எடை குறைவாக இருப்பதாலும் பந்தய வாகனங்களில் இரண்டாவது முறை விரும்பப்படுகிறது. ஆனால் இழை நாளடைவில் கருகி, குழாயின் ஒலி படிப்படியாகக் கூடுகிறது. பந்தய அணிகள் குறிப்பிட்ட இடைவெளியில் இழையை மாற்றுவதற்கு இதுவே காரணமாகும்.

ஒலியைத் தணிப்பதோடு, எஞ்சினின் திறனை நிர்ணயிப்பதிலும் புகைக்குழாய்க்குப் பங்கு உண்டு. குழாய் விரிவடையும் இடத்தை அடையும் அழுத்த அலையின் ஒரு பகுதி, குறைந்த அழுத்த அலையாக எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் எஞ்சியுள்ள புகையை இழுத்து வெளியேற்றுகிறது. புதிய எரிபொருள் கலவை கூடுதலாக உள்ளே நுழைகிறது. அலை திரும்பும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. எனவே ஒவ்வொரு குழாயும் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டுமே முழுப் பயன் தரும்.

அதிக சுழற்சி வேகத்துக்கென வடிவமைக்கப்பட்ட பந்தயக் குழாய், நகரப் போக்குவரத்தின் தாழ்ந்த வேகத்தில் இழுவிசையைக் குறைத்துவிடவும் கூடும். ஒலி கூடியதால் திறனும் கூடிவிட்டது என்ற எண்ணத்துக்குத் தொழில்நுட்ப அடிப்படை இல்லை.

கிழக்கு ஜெர்மனியில் பிறந்த நுட்பம்

புகைக்குழாயை எஞ்சினின் உறுப்பாகவே கருதி வடிவமைக்கும் முறை 1950-களில் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் முழுமை பெற்றது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் வால்டர் காடன், நடுவில் அகன்று இருமுனையிலும் குறுகும் விரிவறைக் குழாயை மேம்படுத்தினார். குழாயின் அகலும் பகுதி புகையை இழுக்கிறது; குறுகும் பகுதி, தப்பிச்செல்ல முயலும் புதிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. 1961-இல் அவரது 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறனை எட்டியது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற அளவு அக்காலத்தில் வியப்புக்குரியதாகக் கருதப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் சுவீடன் கிராண்ட் பிரீ பந்தயத்தின்போது எம்.இசட். அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்றார். அவருடன் அந்நுட்பமும் ஜப்பானின் சுசூகி நிறுவனத்தைச் சென்றடைந்தது. 1962-இல் 50 சிசி பிரிவில் உலகப் பட்டத்தை சுசூகிக்காக டெக்னர் வென்றார். அதன்பின் ஜப்பானிய நிறுவனங்களின் இரண்டு ஸ்ட்ரோக் வாகனங்கள் உலகச் சந்தையை ஆண்டன.

இந்தியாவில் 1985 முதல் 1996 வரை உற்பத்தி செய்யப்பட்ட யமஹா ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிளின் தனித்த ஒலி இந்த வகை எஞ்சினுக்கு உரியது. மாசு விதிகள் கடுமையானதால் அவ்வாகனத்தின் உற்பத்தி நின்றாலும், அதன் ஒலிக்கான மோகம் இன்றளவும் தொடர்கிறது.

பந்தயத்துக்கென மாற்றுக் குழாய்களைத் தயாரிக்கும் தொழிலும் பந்தயப் பட்டறைகளிலிருந்தே வளர்ந்தது. ஜப்பானின் யோஷிமுரா, அமெரிக்காவின் எஃப்எம்எஃப், ஸ்லோவேனியாவின் அக்ரபோவிச் ஆகியவை இத்துறையில் அறியப்பட்ட பெயர்கள். அக்ரபோவிச்சின் நிறுவனர் இகோர் அக்ரபோவிச் முன்னாள் பந்தய வீரர் ஆவார்.

மண்தடத்தில் ஒலிக்கும் வரம்பு உண்டு

மண்தடப் பந்தயம் பல வகைப்படும். நீள்வட்ட மண்பாதையில் வாகனத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டும் ஸ்பீட்வே பந்தயம், 1923 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்ட் நகரில் நடந்த போட்டியுடன் தொடர்புபடுத்திக் கூறப்படுகிறது. மேடு பள்ளம் நிறைந்த இயற்கை நிலத்தில் நடைபெறுவது மோட்டோகிராஸ். அதையே விளையாட்டரங்குக்குள் மண் கொட்டித் தடம் அமைத்து நடத்துவது சூப்பர்கிராஸ். இந்தியாவில் மண்தடப் பந்தயம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது பின்னிரண்டையுமே ஆகும்.

தடத்தில் எவ்வளவு ஒலி வேண்டுமானாலும் எழுப்பலாம் என்ற கருத்து பரவலாக உள்ளது. நடைமுறை அவ்வாறில்லை. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் விதிப்படி, வாகனத்தின் பின்னால் இரண்டு மீட்டர் தொலைவில் ஒலிவாங்கி வைக்கப்பட்டு, எஞ்சின் முழு வேகத்துக்கு முடுக்கப்பட்டு உச்ச ஒலி அளக்கப்படுகிறது. வரம்பை மீறும் வாகனம் சோதனையில் தேறாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாலைக்கு வெளியே ஓட்டப்படும் வாகனங்களுக்கு, 1986 முதல் தயாரிக்கப்பட்டவையாயின், 96 டெசிபல் என்ற வரம்பு சட்டத்திலேயே உள்ளது.

இக்கட்டுப்பாட்டை பந்தய உலகம் தானே விரும்பி ஏற்றதற்கு ஒரு காரணம் உண்டு. 1998-இல் யமஹா ஒய்இசட்400எஃப் அறிமுகமானதைத் தொடர்ந்து மோட்டோகிராஸில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பெருகின. அவற்றின் கனத்த ஒலி நெடுந்தொலைவு சென்றதால், தடங்களின் அருகே வசிப்போர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அமெரிக்காவில் பல தடங்களுக்கு ஒலிப் புகார்களே அச்சுறுத்தலாக மாறின. ஒலியைக் குறைத்தால்தான் விளையாட்டுக்கு நிலம் மிஞ்சும் என்று அந்நாட்டின் மோட்டார் சைக்கிள் அமைப்புகளே தம் உறுப்பினர்களிடம் பிரசாரம் செய்ய நேர்ந்தது. காட்டுப் பகுதிகளில் ஓட்டப்படும் வாகனங்களின் புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் இருக்க வேண்டும் என்ற விதியும் அங்கு நடைமுறையில் உள்ளது.

சட்டம் கூறுவது என்ன?

இந்தியாவில் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் புகை வெளியேறும் ஒலியைக் குறைக்கும் சைலன்சர் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 120-ஆவது விதி கூறுகிறது. உற்பத்தி நிலையில் இருசக்கர வாகனங்களுக்கான ஒலி வரம்புகள் 2005 ஜனவரி 1 முதல் பின்வருமாறு உள்ளன:

80 சிசி வரை: 75 டெசிபல்
80 சிசிக்கு மேல் 175 சிசி வரை: 77 டெசிபல்
175 சிசிக்கு மேல்: 80 டெசிபல்

வாகனத்தை மாற்றியமைப்பது தொடர்பான விதி, மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவில் இடம்பெற்றுள்ளது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் நிர்ணயித்த மூல அமைப்பிலிருந்து வேறுபடும் வகையில் உரிமையாளர் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூல அமைப்பை மாற்றும் வகையில் வாகனங்களில் மாற்றம் செய்ய அனுமதியில்லை என்பதை உறுதிப்படுத்தியது.

2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இது தொடர்பான முக்கியத் தண்டனைகள்:

பிரிவு 190(2): ஒலி மற்றும் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அளவுகளை மீறும் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டினாலோ, பிறரை ஓட்ட அனுமதித்தாலோ, முதல்முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படும். மூன்று மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமம் பெற்றிருக்கும் தகுதியும் பறிக்கப்படும். மீண்டும் மீறினால் சிறைத்தண்டனை ஆறு மாதம் வரை செல்லும்.

பிரிவு 182ஏ(4): அனுமதிக்கப்படாத முறையில் உதிரிபாகங்களைப் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும்.

பிரிவு 194எஃப்: சைலன்சர் வழியே அல்லாமல் புகையை வெளியேற்றும் திறப்புடன் ஓட்டினால் முதல்முறை ரூ.1,000; அடுத்தடுத்த முறைகளில் ரூ.2,000.

பிரிவு 189: மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயத்தில் ஈடுபட்டால் முதல்முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும்.

ஆகவே, மாற்று சைலன்சர் பொருத்திய வாகனத்தில் நள்ளிரவுச் சாலையில் போட்டியிடும் ஒருவர்மீது ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் பாய முடியும். வாகனம் வேறொருவர் பெயரில் இருந்தால், பெரும்பாலும் தந்தையோ அண்ணனோ ஆகிய அந்த உரிமையாளரும் பொறுப்பாவார்.

விற்பவருக்குப் பொறுப்பு உண்டா?

வாகனத்தை விதிக்குப் புறம்பாக விற்கும் அல்லது மாற்றித்தரும் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், முகவர் ஆகியோருக்கு பிரிவு 182ஏ(1)-இன் கீழ் ஓராண்டு வரை சிறை அல்லது வாகனம் ஒன்றுக்கு ரூ.1 லட்சம் அபராதம் விதிக்க வழியுள்ளது. தனி உதிரிபாகங்களைப் பொறுத்தவரை, மத்திய அரசு முக்கியப் பாதுகாப்பு உறுப்பு என்று அறிவிக்கை செய்த பாகங்களின் விற்பனைக்கே 182ஏ(3) பிரிவு பொருந்துகிறது. கடையில் தனியாக விற்கப்படும் சைலன்சர் எந்த இடத்தில் பொருத்தப்படும் என்பது விற்பனையின்போது தெரிவதில்லை. பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற அறிவிப்புடன் விற்கப்படும் பொருளைச் சாலை வாகனத்தில் பொருத்திய பிறகே குற்றம் நிறைவடைகிறது. அதனால் நடைமுறையில் சட்டத்தின் கை முதலில் எட்டுவது வாகன உரிமையாளரையே.

அமெரிக்காவில் இவ்வகை அறிவிப்பு கூட்டாட்சி விதிகளிலேயே இடம்பெற்றுள்ளது. சாலைக்குரிய ஒலி வரம்பைப் பூர்த்தி செய்யாத குழாய், மூடிய தடத்தில் நடைபெறும் போட்டிக்கு மட்டுமே உரியது என்று அதன்மீதே பொறிக்கப்பட வேண்டும். ஐரோப்பாவில் ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் 92-ஆவது ஒழுங்குமுறையின்கீழ் மாற்று சைலன்சர்கள் தனியே சோதிக்கப்பட்டு, வட்டத்துக்குள் 'ஈ' எழுத்து முத்திரை பெறுகின்றன. முத்திரையுள்ள குழாயைச் சாலையில் பயன்படுத்தலாம். இல்லாததைத் தடத்தில் மட்டும் பயன்படுத்தலாம் என்று வாங்குபவரும் காவலரும் எளிதில் அறிய முடிகிறது. ஆனால் அந்த ஐரோப்பிய முத்திரை இந்தியச் சாலையில் சட்டப் பாதுகாப்பு எதையும் தராது என்பது கவனத்தில் கொள்ளத்தக்கது.

ஒரே டெசிபல், வெவ்வேறு பொருள்

விளம்பரங்களில் குறிப்பிடப்படும் டெசிபல் அளவை அரசு வரம்புடன் நேரடியாக ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். இந்தியாவில் உற்பத்தி நிலைச் சோதனையின்போது வாகனம் முடுக்கப்பட்டு ஓடுகையில் 7.5 மீட்டர் தொலைவில் ஒலி அளக்கப்படுகிறது. கலிஃபோர்னியாவின் 96 டெசிபல் வரம்போ, நிறுத்தி வைத்த வாகனத்தின் குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தொலைவில் அளக்கப்படுவது.

திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. அரை மீட்டரிலிருந்து 7.5 மீட்டருக்குச் செல்லும்போது, எஞ்சின் வேகம் மாறாதிருந்தால், சுமார் 23 டெசிபல் குறையும். அளக்கும்போது எஞ்சின் எந்த வேகத்தில் சுழன்றது என்பதும் முடிவை மாற்றும். எனவே தொலைவும் முறையும் குறிப்பிடப்படாத டெசிபல் எண்ணுக்குப் பொருள் இல்லை.

டெசிபல் அளவுகோலில் 3 அலகு கூடினால் ஒலியாற்றல் இருமடங்காகிறது. 10 அலகு கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு உரத்த ஒலியாகத் தோன்றுகிறது. 80 டெசிபலுக்கும் 90 டெசிபலுக்கும் உள்ள வேறுபாடு எண்ணில் சிறிதாகத் தெரிந்தாலும், ஒலியாற்றல் பத்து மடங்கு கூடியிருக்கும்.

கொல்கத்தாவில் நிலை

ஒலி மாசு தொடர்பான சட்ட வரலாற்றில் கொல்கத்தாவுக்குத் தனியிடம் உண்டு. ஒலிபெருக்கிப் பயன்பாடு குறித்த வழக்கில் 1996 ஏப்ரலில் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி பிறப்பித்த உத்தரவு, விருப்பமில்லாத ஒருவரைக் கேட்கும்படி கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. நாடு முழுவதற்குமான ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2000-இல் நடைமுறைக்கு வந்தன.

அவ்விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபலும், வணிகப் பகுதிகளில் முறையே 65, 55 டெசிபலும் சுற்றுப்புற வரம்பாகும். மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அங்கு வரம்பு பகலில் 50, இரவில் 40 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-இல் தொடங்கிய தேசிய ஒலி கண்காணிப்பு வலையமைப்பில் கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட ஏழு நகரங்கள் இடம்பெற்றன. கொல்கத்தாவில் எஸ்எஸ்கேஎம் மருத்துவமனை, ஆர்.ஜி.கர் மருத்துவமனை, நியூ மார்க்கெட், கோல் பார்க் உள்ளிட்ட இடங்கள் கண்காணிக்கப்படுகின்றன. இந்நிலையங்கள் சுற்றுப்புற ஒலியின் மொத்த அளவையே பதிவு செய்கின்றன. எந்த வாகனம் ஒலி எழுப்பியது என்பதை அவற்றின் பதிவிலிருந்து அறிய முடியாது. தனி வாகனத்தைத் தடுத்து நிறுத்தும் பணி சாலையில் நிற்கும் காவலருக்கே உரியது.

நகரின் நெருக்கமான அமைப்பு சிக்கலைக் கூட்டுகிறது. வாகன உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற மல்லிக் பஜார் சந்திப்பிலேயே நரம்பியல் சிகிச்சைக்கான மருத்துவமனை ஒன்று இயங்குகிறது. கடைத்தெரு, பள்ளி, குடியிருப்பு, மருத்துவமனை ஆகியவை ஒரே சாலையில் அடுத்தடுத்து அமைந்துள்ள நகரில், ஒரு மோட்டார் சைக்கிள் சில நிமிடப் பயணத்தில் மூன்று வகை ஒலி மண்டலங்களைக் கடந்துவிடுகிறது. இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் உள்ள குறுகிய தெருக்களில் ஒலி சுவர்களில் எதிரொலித்து, திறந்தவெளியைவிட மெதுவாகவே தணிகிறது.

செவிக்கும் எஞ்சினுக்கும் பாதிப்பு

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகக் குறைகிறது. 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரமும் 100 டெசிபலுக்கு 15 நிமிடமும்தான் பாதுகாப்பான அளவு. அதிக ஒலி எழுப்பும் வாகனத்தை நாள்தோறும் ஓட்டுபவரே அதன் ஒலியை நெடுநேரம் கேட்பவர். உள்காதில் சேதமடைந்த மயிர்ச்செல்கள் மீண்டும் வளர்வதில்லை என்பதால், இவ்வகைச் செவித்திறன் இழப்பு நிரந்தரமானது. பந்தய வீரர்கள் தலைக்கவசத்துக்குள் காதடைப்பான் அணிவது இதனாலேயே.

பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், புகைக்குழாய் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பின் பகுதியாகவும் ஆகிவிட்டது. நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கி மாற்றியும், எரிபொருள் அளவை ஒழுங்குபடுத்த உதவும் ஆக்சிஜன் உணரியும் இக்குழாயிலேயே பொருத்தப்பட்டுள்ளன. குழாயை முழுமையாக மாற்றினால் வினையூக்கி மாற்றியும் அகன்றுவிடும். அப்போது வாகனம் ஒலி விதியுடன் புகை விதியையும் மீறுகிறது.

ஓடும் வாகனத்தின் சுவிட்சை அணைத்துப் போட்டு, குழாய்க்குள் வெடியோசை எழுப்பும் பழக்கமும் இளைஞர்களிடையே காணப்படுகிறது. எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் தீப்பற்றுவதே அவ்வோசைக்குக் காரணம். இது சைலன்சரின் உட்தகடுகளையும் வினையூக்கி மாற்றியையும் சிதைக்கிறது. அருகில் செல்லும் வாகன ஓட்டிகள் திடுக்கிட்டு நிலைகுலையும் ஆபத்தும் உண்டு.

ஏடிவி வாகனங்கள்

மணல், சேறு, மலைப்பாதை என எந்த நிலத்திலும் செல்லவல்ல நான்கு சக்கர ஏடிவி வாகனங்கள் இந்தியாவில் சுற்றுலா விடுதிகள், பண்ணைகள், சாகச விளையாட்டுத் திடல்கள் ஆகியவற்றில் பயன்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை சாலைப் பயன்பாட்டுக்கான சான்று பெறாதவை. எனவே பதிவு செய்யவோ பொதுச் சாலையில் ஓட்டவோ இயலாது. பந்தயத்துக்கென மட்டும் தயாரிக்கப்படும் மண்தட மோட்டார் சைக்கிள்களுக்கும் இதுவே நிலை. சைலன்சரை மாற்றாவிட்டாலும் இவற்றைச் சாலையில் ஓட்டுவது விதிமீறலாகும். தடத்துக்கு அவற்றை வேறொரு வண்டியில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டும்.

தடம் எங்கே உள்ளது?

இந்திய மோட்டார் பந்தயத்தின் தொடக்கக் காலத்தில் கிழக்கும் தெற்கும் இணையாகவே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகளே முதல் பந்தயத் தடங்களாயின. சென்னைக்கு அருகே சோழவரத்திலும் கொல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரிலும் பந்தயங்கள் நடந்தன.

அதன்பின் பாதைகள் பிரிந்தன. சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முயற்சியால் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் நிரந்தரத் தடம் உருவானது. கோவையில் 2003-இல் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. 2011-இல் கிரேட்டர் நொய்டாவில் புத் சர்வதேசத் தடம் அமைந்தது. இம்மூன்றில் ஒன்றும் கிழக்கு இந்தியாவில் இல்லை.

மண்தடப் பந்தயத்திலும் இதே நிலைதான். டாக்கர் பந்தயத்தை 2015-இல் நிறைவு செய்த முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷ், மோட்டோகிராஸில் வளர்ந்தவர். அவர் நிறுவிய பிக் ராக் டர்ட் பார்க் பயிற்சித் திடல் பெங்களூரு அருகே உள்ளது. 2024 டாக்கரில் ரேலி 2 பிரிவில் வென்ற ஹரித் நோவா கேரளத்தைச் சேர்ந்தவர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் நிறுவனத்தின் பந்தயப் பிரிவு 1982 முதல் இயங்கி வருகிறது. 2024 ஜனவரி, பிப்ரவரியில் நடைபெற்ற இந்திய சூப்பர்கிராஸ் ரேசிங் லீகின் முதல் பருவப் போட்டிகள் புணே, அகமதாபாத், பெங்களூரு ஆகிய நகரங்களில் நடந்தன.

வேகத்தையும் ஒலியையும் தடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே இளைஞர்களுக்குக் காவல்துறையும் பந்தய அமைப்புகளும் கூறும் அறிவுரை. சென்னை அல்லது கோவை இளைஞர் இந்த அறிவுரையைப் பின்பற்ற ஒரு மணி நேரப் பயணம் போதும். கொல்கத்தா இளைஞர் இருங்காட்டுக்கோட்டையை அடைய 1,600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். அபராதமும் பறிமுதலும் சாலையில் நடக்கும் மீறலைத் தடுக்கலாம். ஆர்வத்துக்கு மாற்றிடம் ஒன்றைக் காட்ட, பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் கூடிய எளிய மண்தடமேனும் அப்பகுதியில் தேவைப்படுகிறது. தார் போட்ட பந்தயத் தடத்தோடு ஒப்பிடுகையில் மண்தடம் அமைக்க ஆகும் செலவு மிகக் குறைவு. குடியிருப்புகளிலிருந்து போதிய தொலைவும், முறையான ஒலி அளவீடும் இருந்தால்தான் அத்தகைய தடம் நிலைக்கும் என்பது அமெரிக்க அனுபவம் காட்டும் பாடம்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

* பழுதடைந்த சைலன்சரை மாற்ற வேண்டியிருந்தால், அதே மாதிரி வாகனத்துக்கு உற்பத்தி நிறுவனம் வழங்கும் பாகத்தையே வாங்கலாம். இதனால் மூல அமைப்பு மாறுவதில்லை.

* பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற குறிப்புள்ள குழாயைப் பதிவு பெற்ற சாலை வாகனத்தில் பொருத்தினால், விற்பனை ரசீது சட்டப் பாதுகாப்பு ஆகாது.

* ஒலியைக் குறைக்கும் உட்குழாயைக் கழற்றி மாட்டும் வசதி சில சைலன்சர்களில் உள்ளது. அதைக் கழற்றி ஓட்டினாலும் குற்றமே.

* அனுமதியற்ற மாற்றங்களால் உற்பத்தி நிறுவனத்தின் உத்தரவாதம் ரத்தாகலாம். விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையின்போது தெரிவிக்கப்படாத மாற்றங்கள் சிக்கலை உண்டாக்கலாம்.

* பழைய வாகனம் வாங்குபவர், அதில் உள்ள சைலன்சர் நிறுவனத்தினுடையதா என்று சரிபார்க்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் பின் பிடிபட்டால் அப்போதைய உரிமையாளரே பதில் கூற வேண்டியிருக்கும்.

* மண்தடப் பந்தயத்தில் ஈடுபட விரும்புவோர், தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பாக அங்கீகரிக்கப்பட்ட இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்கள் கூட்டமைப்பின் அனுமதியுடன் நடைபெறும் போட்டியா என்பதை அறிந்து, அதன் போட்டி உரிமத்தைப் பெற்ற பின்னரே கலந்துகொள்ள வேண்டும்.